மலைக்கு ஒரே முறை அனுப்பினால் போதும்

தொலைவிலிருந்து கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருளைப் பல கிளைகளில் நிறுவும்போது, ஒவ்வொரு கணினியையும் இணையத்திலிருந்து இறக்க விடாதீர்கள். கிளைக்கு ஒரு கணினி மட்டும் இறக்கட்டும். மற்றவை அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கிலேயே அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

கணக்கு எளிது. நிறுவல் கோப்பு 300 எம்பி, ஏற்காட்டுக் கிளையில் 40 கணினிகள், இணைப்பு 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்; ஒரு எம்பி என்பது 8 மெகாபிட்) என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் தனித்தனியாக இறக்கினால் மொத்தம் 12 ஜிபி. வேறு எந்த வேலையும் நடக்காமலேயே இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும். ஒரு முறை இறக்கினால் நான்கு நிமிடம். உள் நெட்வொர்க்கின் வேகம் இணையத்தின் வேகத்தைப் பொறுத்ததல்ல என்பதுதான் சூட்சுமம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கென டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி இருக்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் அதன் வழியாக வராது. அப்போது சாதாரணப் பகிர்வுக் கோப்புறையே போதும்.

வெள்ளோட்டத்தையும் மலையிலேயே விடுங்கள். கீழே சேலத்தின் வேகமான ஃபைபர் இணைப்பில் எதுவும் ஓடும்; மலையில் வரும் சிக்கல் அங்கே தெரியாது. பாதியில் நின்றுபோன நிறுவலைச் சரிசெய்ய 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்வோரின் மடிக்கணினிகளுக்கும், சிம் இணைப்பில் ஓடும் கைப்பேசிகளுக்கும் இந்த வழி உதவாது. ஒரு சாதனம் மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டிய வைஃபையிலும் அப்படித்தான். ஐந்தாறு கணினிகளே உள்ள கிளைக்கு இவ்வளவு ஏற்பாடு வீண்.