சோயுஸ் தரையிறங்குவதை நேரலையில் பின்தொடர்வது எப்படி

விண்வெளி நிலையத்துக்குப் போகும்போது ஏதாவது பிசகினால் பெரும்பாலும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். 2019 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் இல்லாமல் போன ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-14 கலத்தால் முதல்முறை நிலையத்தோடு இணைய முடியவில்லை. கோளாறு இருந்தது, கலத்தை வாசலுக்கு வழிகாட்டும் ‘குர்ஸ்’ ரேடார் அமைப்பில், அதுவும் நிலையத்தின் பக்கத்துக் கருவியில். கலம் விலகிப் போய், மூன்று நாள் கழித்து வேறொரு வாசலில் இணைந்தது. இறங்கும்போது இந்தச் சலுகை இல்லை. வேகம் குறைக்கும் எஞ்சின் எரிந்து முடிந்துவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. நேரலையில் எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ள அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

முதலில், அறிவிப்பில் உள்ள தரையிறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரீன்விச் நேரமாக இருந்தால் இந்தியா, இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டவும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் போதும்.

சுமார் மூன்றரை மணி நேரம் முன்பு கலம் நிலையத்திலிருந்து பிரியும். கொக்கிகள் திறந்ததும் ஸ்பிரிங்குகள் கலத்தை நொடிக்கு 12 முதல் 15 செ.மீ. வேகத்தில் மெதுவாகத் தள்ளிவிடும். எஞ்சினை உடனே இயக்கமாட்டார்கள். அதன் புகை நிலையத்தின் சூரியத் தகடுகளில் படக் கூடாது. இந்தக் கட்டத்தில் அவசரம் எதுவும் தெரியாது, தேநீர் போட்டுக்கொண்டு வரலாம்.

சுமார் 54 நிமிடம் முன்பு வேகக் குறைப்பு. கலம் வால்பக்கம் முன்னே வரும்படி திரும்பி, எஞ்சினை ஏறத்தாழ 4 நிமிடம் 40 நொடி எரிக்கும். குறைவது நொடிக்கு 128 மீட்டர் மட்டுமே. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கலத்துக்கு இது இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் பாதையின் தாழ்ந்த முனை காற்றுமண்டலத்துக்குள் இறங்க அது போதும். வர்ணனையில் ‘128’ என்ற எண் வருகிறதா என்று கேளுங்கள். முக்கிய எஞ்சின் பாதியில் நின்றால் சிறு உந்திகளைக் கொண்டு மிச்சத்தை முடிப்பார்கள்.

சுமார் 25 நிமிடம் முன்பு, 140 கி.மீ. உயரத்தில், கலம் மூன்று துண்டாகப் பிரியும். நடுவில் இருக்கும் இறங்கு கலம் மட்டுமே பூமிக்கு வரும். மற்ற இரண்டும் எரிந்துபோகும். சோயுஸ் வரலாற்றின் மோசமான நிமிடங்கள் சில இங்கேதான் நடந்தன. 1971-ல் சோயுஸ் 11 பிரிந்தபோது அதிர்ச்சியில் காற்று வால்வு ஒன்று திறந்துகொண்டது. அழுத்த உடை அணியாத மூவரும் இறந்தார்கள். அதன்பிறகுதான் சொகோல் உடை கட்டாயமானது. 2008-ல் சோயுஸ் டிஎம்ஏ-11 பிரியும்போது, வெடித்துப் பகுதிகளை விடுவிக்க வேண்டிய போல்ட் ஒன்று வேலைசெய்யாமல் பின்பகுதி ஒட்டிக்கொண்டே வந்தது. காற்றின் வெப்பத்தில் அது கழன்றது, ஆனால் கலம் வழிகாட்டுதலை இழந்து ‘பாலிஸ்டிக்’ இறக்கத்துக்கு மாறிவிட்டது.

இந்தச் சொல்லை நேரலையில் கேட்டால் பதற வேண்டாம். சாதாரணமாக இறங்கு கலம் எடைமையம் சற்று விலகியிருப்பதால் கொஞ்சம் மிதந்து வரும். உருண்டு உருண்டு தன் பாதையையும் திருத்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் 4 முதல் 5 ஜி வரை, அதாவது தங்கள் எடையைப்போல நான்கைந்து மடங்கு அழுத்தத்தை, தாங்கினால் போதும். பாலிஸ்டிக் என்றால் அந்த மிதப்பு இல்லாமல் சுழன்றபடி, வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் விழுவது. 8 ஜி தாண்டும், இறங்கும் இடமும் மாறும். டிஎம்ஏ-11 குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல் முன்பே இறங்கியது. ஆனாலும் அது விபத்தல்ல, முன்கூட்டியே வடிவமைத்த மாற்றுவழி.

இந்த உருட்டலைச் செய்யும் சிறு உந்திகளுக்கு எரிபொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது நாள்பட்டால் தானாகவே சிதையும். சோயுஸ் ஒன்றை 200 நாளுக்கு மேல் பெரிதாக நீட்டித்து வைத்திருக்காததற்கு அதுவே முக்கியக் காரணம்.

வெப்பத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று (பிளாஸ்மா) கலத்தைச் சூழும்போது சில நிமிடம் குரல் வராது. இது எதிர்பார்த்ததுதான். நிஜமான பதற்றம் 10.7 கி.மீ. உயரத்தில், தரையிறங்க 15 நிமிடம் இருக்கும்போது. முதலில் சிறு பாராசூட்டுகள், பிறகு 24 சதுர மீட்டர் கொண்ட வேகமடக்கும் பாராசூட்; இவை வேகத்தை நொடிக்கு 230 மீட்டரிலிருந்து 80-க்குக் கொண்டுவரும். அடுத்து 1,000 சதுர மீட்டர் முதன்மைப் பாராசூட் விரிந்து அதை 7 மீட்டர் அளவுக்குக் குறைக்கும். அது சரியில்லை என்றால் மாற்று ஒன்று உண்டு. ‘முதன்மைப் பாராசூட் விரிந்தது’ என்று கேட்டபிறகு மூச்சு விடலாம்.

தொங்கி வரும்போது வெப்பக் கவசம் கழன்று விழும், மிச்ச பெராக்சைடு வெளியேற்றப்படும், இருக்கைகள் மேலே எழும்பும். ஒவ்வொருவர் உடலுக்கும் அச்செடுத்த இருக்கை அது. விண்வெளியில் முதுகு சில செ.மீ. நீளும் என்பதால் தலைப்பக்கம் இடம் விட்டிருப்பார்கள்.

தரைக்கு 80 செ.மீ. இருக்கும்போது காமாக்கதிர் உயரமானி கட்டளையிட, அடியில் திட எரிபொருள் எஞ்சின்கள் வெடித்துப் புழுதி கிளம்பும். முதல்முறை பார்ப்பவர்கள் கலம் மோதிவிட்டதென்றே நினைப்பார்கள். உண்மையில் அந்தப் புழுதி கிளம்பினால்தான் நல்லது. எஞ்சின்கள் எரியாவிட்டால் உள்ளே இடி பலமாக இருக்கும். தொட்டவுடன் தளபதி பாராசூட் கயிறுகளில் ஒன்றை விடுவிக்க வேண்டும். கஜகஸ்தான் புல்வெளியில் காற்று அடிப்பதால், தாமதித்தால் கலத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். கலம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாலும் கவலையில்லை, அடிக்கடி அப்படித்தான் கிடக்கும்.

பிறகு எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் வரும். வீரர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதைக் காயம் என்று எண்ண வேண்டாம். மாதக்கணக்கில் எடையில்லாமல் இருந்த உடலில் இரத்தம் காலுக்கு இறங்கித் தலைசுற்றும். அதற்காகவே இறங்குமுன் உப்பும் தண்ணீரும் குடித்திருப்பார்கள், உடைக்குள் காலை இறுக்கும் ஆடையும் அணிந்திருப்பார்கள்.