ஷவர் கண்ணாடிக் கதவு: நடுவில் அல்ல, ஓரத்தில் பாருங்கள்
ஷவர் கண்ணாடிக் கதவை மாற்றலாமா வேண்டாமா என்று குழப்பமா? டார்ச் அடித்து நாலு விளிம்பையும், கீல் பிடிக்கும் இடத்தையும், கைப்பிடித் துளையையும் பாருங்கள். எங்காவது சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தால் கண்ணாடியை மாற்றிவிடுங்கள். ஷவர் கதவுக்குப் போடும் டெம்பர்ட் கண்ணாடியின் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய கண்ணாடி) மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும், அதனால் விளிம்பில் விழுந்த அடி உள்ளே வரை இறங்கினால் ஒருநாள் யாரும் தொடாமலே கதவு முழுவதும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடலாம். தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டெம்பர் செய்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. கீலும் கைப்பிடியும் நன்றாக இருந்தால் கண்ணாடி மட்டும் வாங்கினால் போதும், பழைய துளைகளின் அளவும் தடிமனும் (8 மி.மீ., 10 மி.மீ. என்று இருக்கும்) அப்படியே குறித்துக் கொடுங்கள்.

உப்புத்தண்ணீர்க் கறை, கதவு தொங்குவது, கீழே தண்ணீர் கசிவது, இதற்கெல்லாம் கண்ணாடியை மாற்றத் தேவையில்லை. கறைக்கு வினிகர், தொங்கினால் கீல் ஸ்க்ரூவை முடுக்குவது, கசிந்தால் புது ரப்பர் பட்டை, அவ்வளவுதான். பல வருடக் கறை கண்ணாடியையே அரித்து மங்கலாக்கியிருந்தால் வினிகருக்கும் போகாது, ஆனால் அது அழகுப் பிரச்சினைதான், அவசரமில்லை.