"எதுக்கும் இருக்கட்டும்"னு அனுப்பிடாதீங்க

வதந்தியை யாரோ கெட்டவங்கதான் பரப்புறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம், கிளப்பி விடுறது வேணா அவங்களா இருக்கலாம், ஆனா ஓட வைக்கிறது பெரும்பாலும் நம்மள மாதிரி ஆளுங்கதான். குழந்தை கடத்துறாங்களாம், தண்ணியில என்னமோ கலந்துட்டாங்களாம்னு ஒரு மெசேஜ் வந்தா போதும், நம்மாளுங்களுக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாதேங்குற பதட்டத்துல, உண்மையா இருந்தா உதவும் பொய்யா இருந்தா போகட்டும், எதுக்கும் இருக்கட்டும்னு தட்டி விட்டுடுறோம். என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. பொய்யா இருந்தா சும்மா போறதில்ல. 2018-ல இந்தியாவுல குழந்தை கடத்தல் வதந்திய நம்பி கூட்டம் கூடி அடிச்சதுல, எந்தத் தப்பும் செய்யாத எத்தனையோ பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் வாட்ஸ்அப் அங்க ஒரு நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு கொண்டு வந்தாங்க. 2020-ல ஈரான்ல சாராயம் குடிச்சா கொரோனா போயிடும்னு ஒரு பேச்சு கிளம்பி, மெத்தனால் கலந்தத குடிச்சு நூத்துக்கணக்கான உயிர் போச்சு.

உண்மை எப்படியும் வெளிய வந்துடும்ல, அப்படின்னு விட்டுடுறதும் தப்பு. வரும், ஆனா லேட்டா வரும். அமெரிக்காவுல எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் ட்விட்டர்ல 2006-லேர்ந்து 2017 வரைக்கும் ஓடின சுமார் 1,26,000 செய்திகள எடுத்துப் பாத்தாங்க. 1500 பேர்கிட்ட போய்ச் சேர பொய்ய விட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் புடிச்சிருக்கு. பாட் அக்கவுண்ட்ட, அதாவது ஆள் இல்லாம ப்ரோகிராம் வெச்சு தானா ஓடுற அக்கவுண்ட்ட எல்லாம் கழிச்சிட்டு பாத்தாலும் அதே கதைதான், அனுப்பினது மனுசங்க.

அப்புறம், மூணு குரூப்ல வந்துச்சு அதனால நிஜம்தான்னு முடிவு பண்றது. மூணுமே ஒரே இடத்துலேர்ந்து கெளம்பினதா இருக்கும். ஒரு விஷயத்த திரும்பத் திரும்ப கேட்டாலே மனசு அத நம்ப ஆரம்பிச்சிடும், இத 1977-லயே ஆராய்ச்சி பண்ணி காமிச்சிருக்காங்க, அப்ப இந்த ஃபோனே கிடையாது.

படம் இருக்கேன்னு நம்புறதும் இப்படித்தான். படம் நிஜமா இருக்கும், ஆனா அஞ்சு வருஷம் முன்னாடி வேற எங்கயோ எடுத்ததா இருக்கும், மேல எழுதியிருக்குற ரெண்டு வரிதான் பொய். படத்த வெச்சே தேடுற கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாத்தா பல சமயம் பழைய படம்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். வாய்ஸ் நோட்டுக்கு அந்த வசதி இல்ல, பேசுறது யாருன்னே தெரியலன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

இது பொய்னு சொல்றேன்னு அந்தப் படத்தையே மறுபடி போடுறவங்களும் இருக்காங்க, நோக்கம் நல்லதுதான். ஆனா பாக்குறவன் படத்த மட்டும் பாத்துட்டு கீழ எழுதினத படிக்காம போயிடுவான், அதனால உண்மை என்னங்குறத முதல் வரியிலயே போடுங்க.

கடைசியா, தப்புன்னு தெரிஞ்சதும் சத்தமில்லாம டெலீட் பண்றது. கூச்சமா இருக்கும், புரியுது. ஆனா அழிச்சா அந்த சாட்லேர்ந்துதான் போகும், அதுக்குள்ள அத பாத்தவங்க அனுப்பின பத்து இடத்துல அப்படியே கெடக்கும், அதனால அதே குரூப்ல "காலைல நான் போட்டது பொய், யாருக்காவது அனுப்பியிருந்தா அவங்ககிட்டயும் சொல்லிடுங்க"ன்னு போட்டுடுங்க.