பழைய ஆலயத்தின் ஈரச் சுவர்: நாங்கள் சரிசெய்த விதம்

எங்கள் சபை தென் தமிழ்நாட்டில், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய ஆலயத்தில் கூடுகிறது. குடும்பங்கள் பெருகி, ஞாயிறு ஆராதனையில் பலர் வராந்தாவில் நிற்க வேண்டியதாயிற்று. அதே சமயம் ஆல்டருக்கு (பலிபீடத்துக்கு) பின்னால் உள்ள சுவர் ஈரம் கோர்த்து, உப்புப் பூத்து உதிர்ந்தது. 'இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம்' என்றார்கள் கமிட்டியில் சிலர். கட்டடப் பொறுப்பு என்னிடம் இருந்ததால், முதலில் சுவரைப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன்.

மேல்பூச்சைத் தட்டியதும் காரணம் தெரிந்தது. முன்பு எப்போதோ சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெளியே சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளமும் போட்டிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு செங்கல்தான் அரித்துப்போகும்.

சிமெண்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தோம். வெளித்தளத்தைச் சுவரோரம் வெட்டி, ஜல்லி நிரப்பி, மழைத்தண்ணீர் விலகி ஓடச் சரிவு வைத்தோம். அவசரப்படாமல் சுவரைக் காயவிட்டோம். அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசினார். மேலே பெயிண்ட் கூடாது, வெள்ளையடிப்புதான் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அது சரியே.

இட நெருக்கடிக்கு இரண்டு ஆராதனை வைத்தோம். ஞாயிறு பள்ளிக்குத் தனிக் கட்டடம் திட்டமிட்டிருக்கிறோம், பழைய அஸ்திவாரத்தைத் தொடாத தூரத்தில். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் ஒரு பங்கு இனி பராமரிப்புக் கணக்குக்கே போகும். புதுக் கட்டட நிதியோடு அதைக் கலப்பதில்லை.