இங்கிலாந்தில் வாடகை வீடா? டெபாசிட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டுக்காரர் டெபாசிட் வாங்கிய 30 நாட்களுக்குள் அதை அரசு அங்கீகரித்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களான டிபிஎஸ் (DPS), மைடெபாசிட்ஸ் (mydeposits), டிடிஎஸ் (TDS) மூன்றில் ஒன்றில் பதிந்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். மூன்றின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். எதிலும் இல்லையா? கவுன்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். டெபாசிட் போக, அதைப் போல 1 முதல் 3 மடங்கு வரை இழப்பீடு கிடைக்கும். தாமதமாகப் பதிந்திருந்தாலும் கேட்கலாம். வீட்டைக் காலி செய்தாச்சே என்று விட்டுவிடாதீர்கள், 6 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

ஒன்று மட்டும் கவனம்: வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறை எடுத்திருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. நம்மவர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். அப்புறம், தெரிந்தவர்தானே என்று ரசீது வாங்காமல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள்.