தாலி கட்டுற அந்த பத்து செகண்ட மிஸ் பண்ணாம எடுக்குறது எப்படி?

புதுசா கேமரா வாங்கிட்டு சொந்தக்காரங்க கல்யாணத்துல "நானும் எடுக்குறேன்"னு இறங்குறவங்களுக்காக இது. ரிசப்ஷன்ல சொதப்பினா பரவால்ல, மறுபடி நிக்க வெச்சு எடுத்துக்கலாம், தாலிய திரும்ப கட்டுங்கன்னு சொல்ல முடியாது. நான் மொதமொதல்ல எடுத்தது சித்தப்பா பொண்ணு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல முன்னாடி நின்ன மாமா ஒருத்தர் அட்சதை போட கைய தூக்கிட்டாரு, ஃபோகஸ் போய் அவரு வாட்ச்ல உக்காந்துக்குச்சு. மணி 6:52னு பளிச்சுனு தெரியுது, தாலிய தான் காணோம்.

ஸ்டெப் 1: முந்தின நாள் ராத்திரியே மணவறைய பாத்து வெச்சுக்கோங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட "உங்க வழக்கத்துல தாலி எப்படி கட்டுவாங்க"ன்னு கேட்டுடுங்க, ஏன்னா ஐயர் வீட்டு கல்யாணத்துல பொண்ணு அப்பா மடியில உக்காந்திருக்கும், மாப்பிள்ளை எதிர்ல நின்னு கட்டுவாரு, மத்த நிறைய வீடுகள்ல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க. நீங்க நிக்க வேண்டிய இடமே மாறிடும். வீடியோ எடுக்குற அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிடுங்க, அவரு லைட்டுக்கு குறுக்க நின்னீங்கன்னா ரெண்டு பேருக்குமே நஷ்டம்.

ஸ்டெப் 2: செட்டிங். ஷட்டர் (படம் பதியுற நேரம்) 1/100 செகண்ட்ல வைங்க. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், ஷட்டர ரொம்ப வேகமா வெச்சா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். எஃப் நம்பர் (லென்ஸ் எவ்ளோ திறக்குதுங்கற அளவு) 2.8ல இருந்து 4க்குள்ள, ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா எவ்ளோ கூட்டிக் காட்டுதுங்கற அளவு) 1600 இல்லன்னா 3200, கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தாலும் கவலப்படாதீங்க. பட்டு வேட்டி வெளுத்துப் போய் கரை மட்டும் மிஞ்சுற மாதிரி ஆகிடும், அதனால வெளிச்சத்த ஒரு துளி கம்மியாவே வெச்சு ரா ஃபைலா (கேமரா பிடிச்ச விவரத்த அப்படியே வெச்சிருக்குற ஃபைல், அப்புறமா வெளிச்சத்த சரி பண்ணிக்கலாம்) எடுங்க. ஃபிளாஷ மேல பாத்து அடிக்கிறது வீட்டுக்குள்ள சரி, மண்டபத்துல சீலிங் அவ்ளோ உயரத்துல இருக்கு, வெளிச்சம் திரும்பி வரவே வராது. முகூர்த்தத்துக்கு கால் மணி நேரம் முன்னாடி பேட்டரி, கார்டு ரெண்டையும் மாத்திடுங்க, பழசுல இடம் இருந்தாலும் சரி.

ஸ்டெப் 3: தாலித் தட்டு சபைக்குள்ள ஆசீர்வாதத்துக்கு கிளம்புச்சுன்னா நீங்க மணவறை ஓரத்துல இடம் பிடிச்சிருக்கணும், அப்புறம் யாரு கூப்பிட்டாலும் நகராதீங்க, பெரியப்பா குரூப் போட்டோ கேட்டாலும் தான். ஐயர் கைய தூக்கி "கெட்டிமேளம்"னு சொல்வாரு, தவில் எகிறும், கீழ இருக்குற அத்தன பேரும் எந்திரிப்பாங்க, அப்போ பட்டன அமுக்குனா விடாதீங்க, பர்ஸ்ட் மோட்ல (விடாம வரிசையா படம் எடுக்குற மோட்) ஓடட்டும். ஹோமப் புகையில ஆட்டோஃபோகஸ் முன்னயும் பின்னயும் தேடிட்டே இருக்கும், அதனால ஒரே ஒரு ஃபோகஸ் பாயிண்ட் மட்டும் தேர்ந்தெடுத்து அத மாப்பிள்ளை விரலும் மஞ்சக் கயிறும் சேர்ற இடத்துல வைங்க.

மொத முடிச்சோட கேமராவ இறக்கிடாதீங்க, நிறைய வீட்டுல அடுத்த ரெண்டு முடிச்ச நாத்தனார் தான் போடுவாங்க. அதுவும் ஆனதும் சட்டுனு திரும்பி பொண்ணோட அம்மாவ பாருங்க, முந்தானையால மூக்க தொடச்சுட்டு இருப்பாங்க. என்னைக் கேட்டா ஆல்பத்துலயே அதான் பெஸ்ட் படம்.

கல்யாணம் பண்ணிக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: ரெண்டு பக்க சொந்தத்தையும் தெரிஞ்ச தம்பி யாரையாவது போட்டோகிராஃபர் கூட அனுப்பி வைங்க, "அந்த அத்தைய எடுக்கல"ங்கற சண்டை பாதி குறையும். விருந்தாளிங்க ஃபோன்ல எடுக்குறத யாரும் வேணாம்னு சொல்லல, ஃபிளாஷ ஆஃப் பண்ணிட்டு நெஞ்சு உயரத்துல பிடிங்க, தலைக்கு மேல தூக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சு பந்தில உக்கார்றதுக்கு முன்னாடி கார்ட லேப்டாப்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணுன்னு காப்பி போட்டுடுங்க. ஆல்பம் கைக்கு போற வரைக்கும் அந்த கார்ட ஃபார்மேட் பண்ணாதீங்க.