எஸ்கியூஎல் சர்வரில் நாளும் மாதமும் இடம் மாறாமலிருக்க

எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில், நாளையும் நேரத்தையும் சேமிக்கும் டேட்டைம் (datetime) வகை நெடுவரிசையில் '2024-03-04' என்று கொடுத்தால் எப்போதும் மார்ச் 4 என்று நம்பாதீர்கள். சர்வருக்குள் நுழையும் கணக்கின் (லாகின்) மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் ஏப்ரல் 3 என்று பதிவாகும். பிழைச்செய்தி வராது, நாள் 12-ஐத் தாண்டும்போதுதான் சர்வர் முரண்டு பிடிக்கும். அதற்குள் எத்தனை வரிசைகள் கெட்டிருக்குமோ!

இடைக்கோடு இல்லாமல் '20240304' என்று எழுதுங்கள். எந்த மொழி அமைப்பிலும் மார்ச் 4 தான். டேட், டேட்டைம்2 வகைகளில் இடைக்கோடு இருந்தாலும் சிக்கலில்லை.

எக்செல் கோப்பிலிருந்து 04/03/2024 என எழுத்தாக வந்தால், அதைத் தேதியாக மாற்றும் ட்ரை_கன்வெர்ட் (TRY_CONVERT) செயற்கூறில் பாணி எண்ணையும் கொடுங்கள்: நாள் முன்னால் வந்தால் 103, அமெரிக்க முறைப்படி மாதம் முன்னால் வந்தால் 101. பொருந்தாதவை NULL, அதாவது மதிப்பில்லாததாகத் திரும்பும். அவற்றைத் தனியே எடுத்துப் பாருங்கள். 04/03 மாதிரியானவை இரண்டு பாணியிலும் தேறிவிடும், கோப்பை அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.